நாரி நோ

“ஒண்டுமில்ல சேர்.”

டொக்டர் எக்ஸ்றே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முள்ளந்தண்டின் அடிப்பகுதியை விரலால் சுற்றிக் காட்டினார். “முறிவு கிறிவு ஒண்டும் இல்ல. கொஞ்சம் தேய்மானம். அது வயசுக்கு வாறதுதான்.” துண்டில் மூன்று மருந்து எழுதினார். வெளியில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

அது 1999. அந்த இரண்டு நிமிடத்துக்காக விடியப்புறம் நாலு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தேன். கொக்கட்டிச்சோலையில் இருந்து மட்டக்களப்புப் பட்டணம் போய்வருவது அந்த நாளில் ஒரு முழுநாள் வேலை. எங்கள் படுவான்கரைக்கும் அக்கரை எழுவான்கரைக்கும் நடுவில் வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்லுவோம். மண்முனைத் துறையில் பாதை வரும்வரை நிற்க வேண்டும். (வெளியூர் ஆட்களுக்கு ஒரு சொல்: எங்களிடம் ‘பாதை’ என்றால் தெரு இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை.) அங்கால கரையில் சோதனை. பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், எங்கே போகிறாய் என்பதற்கும் ஏன் போகிறாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். “நாரி நோ, டொக்டரிட்டப் போறன்” என்றேன். அந்தப் பொடியன் சிப்பாய்க்கு நாரி என்ற சொல் விளங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக் காட்டினேன். விட்டான்.

திரும்பி வரும்போது பாதையில் இருக்க இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். இருந்தால் எழும்ப ஏலாது. நாரியில் இருந்து இடது தொடை வரைக்கும் எரிவு. கையில் சுருட்டிய எக்ஸ்றே. ஒன்றுமில்லை என்றால் இது என்ன? ஒன்றுமில்லாததற்கு இரண்டு மாதம் லீவு போட்ட வாத்தியார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லமாட்டார்களா? முள்ளந்தண்டில் ஏதாவது ஒரு உடைவு தெரிந்திருந்தால் மரியாதையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று ஆற்றின் நடுவில் வைத்து நினைத்தேன். வெட்கம்தான். ஆனாலும் நினைத்தேன்.

தொடக்கம் ஒன்றும் பெரிதில்லை. முந்தின வருசம் வெட்டுக்காலத்தில் மச்சானின் களவெட்டிக்குப் போனவன், சும்மா நிற்காமல் நெல்மூட்டை ஒன்றைத் தனியாகத் தூக்கினேன். சோக்குக்கட்டி பிடிக்கிற கை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலடி நடந்தேன். நாரியில் ஏதோ பிடித்தது. பரிகாரி எண்ணெய் போட்டுப் பிடிப்பு எடுத்தார். பலகையில் படு, அசையாதே என்று ஊரெல்லாம் சொல்லியது. இருபத்தொரு நாள் படுத்தேன். நாரிப்பிடிப்புக்கு நீண்ட படுக்கை கூடாது, முடிந்தளவு நடமாட வேண்டும் என்று இன்றைக்கு உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. தசை நொந்தால் சில கிழமைகளில் ஆறிவிடும். மூன்று மாதம் கடந்தும் நோ நின்றால் அதற்கு நாட்பட்ட நோ என்று பெயர். எனக்கு அது பன்னிரண்டு மாதம் கடந்திருந்தது.

அந்த டொக்டர் சொன்ன ‘தேய்மானம்’ என்ற சொல்தான் மருந்தை விட நீண்ட நாள் உடம்பில் நின்றது. சைக்கிள் சக்கரத்தின் பல் தேய்ந்து செயின் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். என் முள்ளந்தண்டையும் அப்படியே கற்பனை செய்தேன். குனிந்தால் நழுவும். ஆகவே குனிவதை விட்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை விட்டேன், சைக்கிளை விட்டேன். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருக்க, நான் தூணில் சாய்ந்து நின்றேன். வகுப்பில் சோக்குக்கட்டி விழுந்தால் பிள்ளைகள் ஓடிவந்து எடுத்துத் தருவார்கள். இரண்டு வருசத்தில் நான் கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டேன்.

2015இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பை மிகப் பிந்தித்தான் வாசித்தேன். நாரி நோ இல்லவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றியது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு முள்ளந்தண்டுத் தட்டுகளில் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். தலைமயிர் நரைப்பது போல ஒன்று. அந்த டொக்டர் சொன்னது சரிதான் என்று இப்போது விளங்குகிறது. ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு வசனம் இருந்திருக்க வேண்டும்: “எலும்பு நல்லா இருக்கு, ஆனா உங்களுக்கு நோகுது, அது ஏனெண்டா…” அந்த வசனத்துக்கு அவரிடம் நேரம் இருக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு கல் நந்தி இருக்கிறது. கோயிலை இடிக்க வந்த பறங்கியர் முன்னால் எழும்பிப் புல் தின்றது என்பது ஐதீகம். கல்மாடு புல் தின்றதை நம்புகிற ஊரில், எலும்பு உடையாத மனிசனுக்கு நோகும் என்பதை நம்ப ஆளில்லை.

ஒரு ஆள் தவிர. பெரியம்மா.

பெரியம்மாவின் நோவுக்கு மாதம் இருந்தது. ஒவ்வொரு வருசமும் வைகாசி முடிகிற நேரத்தில் வலது தோள் தொடங்கும். 1991 ஜூன் 12 அன்று மகிழடித்தீவிலும் பக்கத்து ஊர்களிலும் நடந்ததை எங்களில் யாரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. கண்ணிவெடியில் சிப்பாய்கள் இறந்த பிறகு, படையினர் ஊருக்குள் இறங்கினார்கள். ஊரின் கணக்கில் செத்தவர்கள் 150க்கு மேல். ஜனாதிபதி ஆணைக்குழுவின் கணக்கில் 67. அதற்கு நாலு வருசத்துக்கு மேல் முன்னர், 1987 ஜனவரி 28இல், இறால் பண்ணையில் நடந்த படுகொலை வேறு. பெரியம்மாவின் இளையவன் 91இல் போனவன். அவனைப் பிடித்திருந்த கை வலது கை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

நோவுக்கு அவரிடம் இருந்த சொற்கள் என்னிடம் இருந்ததில்லை. உளையுது, குத்துது, கடுக்குது, விறைக்குது, எரியுது, விண்விண்ணெண்டு தெறிக்குது, ‘உள்ளுக்குள்ள ஆரோ முறுக்கிப் புழியிற மாதிரி’. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் நோயாளிகள் சொல்லும் சொற்களைத் திரட்டி ஒரு வினாக்கொத்து செய்தார். 78 சொற்கள், 20 கூட்டங்கள். சில சொற்கள் உடம்பு உணர்வதைச் சொல்பவை, சில மனசு படுவதைச் சொல்பவை. இரண்டையும் ஒரே தாளில் வைத்ததுதான் அவருடைய வேலை. பெரியம்மா ஒரு மத்தியானத்தில் அந்தத் தாளை நிரப்பிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் பனடோல் கொடுத்தார்கள். அவர் அம்மன் கோயிலுக்குப் போனார். சடங்கு நாள். நானும் கூடப் போனேன், ஒரு விஞ்ஞான வாத்தியாரின் கண்ணோடு. தெய்வம் வந்து ஆடிய ஒரு பெண், பெரியம்மா வாய் திறக்குமுன் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பூசை செய்யும் கட்டாடியார் திருநீறு போட்டார். பெரியம்மாவும் அழுதார். பத்து வருசத்தில் அவர் நாலு பேர் முன்னால் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று இரவு முழுக்கத் தூங்கினார். இரண்டு மாதம் தோள் பற்றிப் பேச்சில்லை.

“ஆரோ முன்னமே அவவிட்டச் சொல்லியிருப்பாங்க பெரியம்மா” என்றேன்.

“சொல்லியிருந்தா என்ன மனே. அவ நம்பினாளே.”

தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ், வாக்குச் சொல்லும் இந்தப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். காணாமல் போனவரைப் பற்றி வெளியில் பேசுவதே ஆபத்தாக இருந்த காலத்தில், அம்மன் கோயில் முற்றம் மட்டும் அதற்கு இடம் கொடுத்தது. வந்தவரின் நோவை வாக்குச் சொல்பவள் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டாள் என்பது அவர் கண்டது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் போரால் அடிபட்டவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று வருவதில்லை, தலையிடி, நெஞ்சுநோ, மூட்டுளைவு, பெருமூச்சு என்று உடம்பைத்தான் கொண்டுவருகிறார்கள் என்று எழுதினார். பெரியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தோள் குணமானது என்றும் சொல்லமாட்டேன். அடுத்த ஜூனில் திரும்பி வந்தது.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பட்டணத்தில் உளவளத்துணைப் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க என்று போனவன் எனக்காகக் கற்றுக்கொண்டு வந்தேன். பாயில் படுக்கச் சொன்னார்கள். கால்விரலில் இருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு விடு. மூச்சைக் கவனி. மூச்சு வெளியே போகும்போது உனக்குப் பழகிய சொல் ஒன்றை மனசுக்குள் சொல்லு. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த காத்தான்குடி ஆசிரியர் சுப்ஹானல்லாஹ் என்று முணுமுணுத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு சிஸ்டர் செபமாலை. நான் நமசிவாய. இந்த ஏற்பாடு தற்செயலானது இல்லை என்று பிறகு அறிந்தேன். தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்தில் வளர்த்தெடுத்த முறை இது. சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபம், முஸ்லிமுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம். அடியில் எல்லாம் ஒரே மூச்சு.

அந்தப் பாயில்தான் ஒன்றைக் கண்டேன். தோளை விடச் சொன்னபோது என் தோள் காதுக்குக் கிட்ட இருந்தது. பல்லைக் கடித்திருந்தேன். வயிறு பலகை. ஏழு வருசமாக நாரியைக் காப்பாற்றுகிறேன் என்று உடம்பு முழுவதையும் முறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன். நோ போகவில்லை. ஆனால் நோவைச் சுற்றி நானே கட்டிய வேலி கொஞ்சம் தளர்ந்தது.

2007 மார்ச்சில் படுவான்கரையே எழும்பியது. ஷெல் அடிக்குள் பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்தோம். அம்மாவைத் தூக்கித் தோணியில் வைத்தேன். அரிசிப் பை, தையல் மெசினின் தலை, மற்றவர்களின் பிள்ளைகள். இரண்டு இரவு நின்ற நிலை. நாலாம் நாள் எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் படுத்தபோது நாரி தன் பாட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: மூன்று நாள் அது இல்லை. அம்மாவைத் தூக்கியபோதும் இல்லை.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பயந்தேன். அப்படியென்றால் ஒன்பது வருசமும் நடிப்பா? மனுசிக்கு இதைச் சொல்லவே இல்லை.

ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் இதே குழப்பத்தில் இருந்திருக்கிறார். கடுங்காயப்பட்டு வந்த சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் நோ மருந்து வேண்டாம் என்றார்கள். 1946இல் அதை எழுதினார். காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல என்பது அவர் முடிவு. அந்தச் சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பலாம் என்று அர்த்தம். 1965இல் மெல்சாக்கும் பட்ரிக் வோலும் சேர்ந்து அதற்கு ஒரு பொறிமுறை சொன்னார்கள். முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலை இருக்கிறது. உடம்பில் இருந்து வரும் சேதி அந்தப் படலையால்தான் மூளைக்குப் போக வேண்டும். தட்டுப்பட்ட முழங்காலை அம்மா தேய்த்துவிட்டால் குறைவது ஏன்? தேய்க்கிற உணர்வு படலையைச் சாத்துகிறது. மேலே இருந்து மூளையும் அதைச் சாத்தும், திறக்கும். பயம் திறக்கும். தனிமையும் தூக்கமில்லாத இரவும் திறந்து கல்லை முட்டுக்கொடுத்து வைக்கும். படலை என்ற சொல் எங்களூர்க்காரனுக்கு விளக்கம் தேவையில்லாதது. அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிறகு பல திருத்தம் கண்டன, அடிப்படை நின்றுவிட்டது.

மிதிவெடியில் இடது கால் போன ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். இல்லாத காலின் பெருவிரல் மடங்கிப்போய் நோகிறது, நிமிர்த்த முடியவில்லை என்பார். பொடியன்கள் சிரிப்பார்கள். நானும் ஒருகாலம் சிரித்தவன். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். இருக்கிற கையைக் கண்ணாடி முன் அசைத்தால் இல்லாத கை அசைவதாக மூளை காண்கிறது. சிலருக்கு முறுக்கு அவிழ்கிறது. கட்டுரையில் வாசித்துவிட்டு எங்கள் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய் அவருடைய தொடைகளுக்கு நடுவில் வைத்தேன். மனுசி இன்றைக்கும் அதற்குப் பேசுவாள். வலது காலின் விரல்களை விரித்து விரித்து மடக்கினார். “சேர், நிமிருது” என்றார். சில நாள் நிமிர்ந்தது, சில நாள் நிமிரவில்லை. எல்லோருக்கும் பலிக்கும் வித்தை இல்லை என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அன்றோடு ஒழுங்கையில் சிரிப்பு நின்றது.

என் நாரிக்கு வழி காட்டியது ஒரு ஃபிசியோத் தங்கச்சி. ஊர் திரும்பிய அடுத்த வருசம். முதல் நாள் அவள் படம் பார்க்கவில்லை. முக்கால் மணித்தியாலம் கதை கேட்டாள். பிறகு சொன்னாள்: “நோவைப் பார்த்து நிப்பாட்டாதீங்க சேர். கணக்கைப் பார்த்து நிப்பாட்டுங்க.”

நோ வரும்வரை நடந்து, வந்ததும் படுத்தால், மூளை படுக்கையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளும். வில்பேர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் சியாட்டிலில் அறுபதுகளிலேயே கண்டுபிடித்த விசயம் இது. எனக்கு அவள் கொடுத்த கணக்கு நாலு வளவு. வீட்டுப் படலையில் இருந்து நாலு வளவு தாண்டி நடந்து திரும்ப வேண்டும். நொந்தாலும் நாலு, நோ இல்லாமல் உசாராக இருந்தாலும் நாலு. இரண்டாவதுதான் கஷ்டம். நல்ல நாள் வந்ததும் கோயில் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று கால் இழுக்கும். ஒருநாள் போனேன். மூன்று நாள் படுத்தேன். அவள் ஏசவில்லை, திரும்ப மூன்று வளவில் தொடங்கச் சொன்னாள். கிழமைக்கு ஒரு வளவு கூடும். எங்கள் வீட்டில் இருந்து கோயில் வாசலுக்கு நாற்பத்தொரு வளவு. ஒரு வருசம் பிடித்தது.

குனிவதற்கும் அப்படித்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க சோக்குக்கட்டியைக் கீழே போட்டேன். ஓடிவந்த பிள்ளையை இருக்கச் சொன்னேன். மூச்சை விட்டு, முழங்காலை மடக்கி, எடுத்தேன். இன்னொருக்கா போட்டேன். சேருக்குத் தட்டிப்போட்டுது என்று நினைத்திருப்பார்கள். பத்தாவது தரம் எடுத்தபோது பின்வாங்கில் ஒருத்தன் கைதட்டினான்.

2010 ஜனவரி 15 அன்று சூரிய கிரகணம். வடக்கில் வளையமாகவும் எங்களுக்குப் பகுதியாகவும் தெரிந்தது. பிள்ளைகள் சூரியனைப் பார்க்க என்று என் பழைய எக்ஸ்றேயைக் கேட்டு வந்தார்கள். அது கண்ணைக் கெடுக்கும் என்று மட்டையில் ஊசித்துளை போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்துக்கு அந்த வேலைகூடக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். “அப்ப மனசுதானா? எனக்கு விசரா?” என்று கேட்பார்கள். மனநலக் கிளினிக்குக்குப் போ என்று துண்டு கொடுத்தால் கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எங்களிடம் ‘மனசுதான்’ என்றால் ‘பொய்தான்’ என்று அர்த்தம் ஆகிவிட்டது. வைத்தியர்களில் சிலரும் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். நோ எல்லாமே மூளையில்தான் ஆகிறது. கால் முறிந்தவனின் நோவும் அங்கேதான். அதனால் அது பொய்யாகிவிடாது. நோ பற்றிய சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் நோகிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தது. பெரியம்மா அதைக் கோயில் முற்றத்தில் சொல்லி இருபது வருசம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் நாரி நோக்காரர் 151 பேரை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 2022இல் அச்சானது. உங்கள் முதுகு பத்திரமாக இருக்கிறது, மூளை பொய் மணி அடிக்கிறது என்பதைப் படிப்படியாக உணர வைக்கும் சிகிச்சை. பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கு நோ அறவே இல்லாமலோ ஏறக்குறைய இல்லாமலோ போனது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 20 சதவீதம். வழமையான சிகிச்சையில் 10. ஒரே பரிசோதனையை வைத்துக் கோயில் கட்ட நான் தயாரில்லை. ஆட்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள், அவர்கள் ஷெல்லுக்குள் அம்மாவைத் தூக்கவில்லை. எனக்குப் போனது பாதிதான். பத்துக்கு ஏழாக இருந்தது மூன்றாகவோ நாலாகவோ நிற்கிறது. மாரியில் ஐந்து. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: கால் விறைத்துச் சக்தி குறைந்தாலோ, சலம் மலம் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடோ மெலிவோடோ நோ வந்தாலோ மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். பாதை நின்றுபோனது. இப்போது பட்டணத்துக்கு முக்கால் மணித்தியாலம் போதும். பெரியம்மாவை இரண்டு தரம் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். தோளில் ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்கள். இந்தத் தரம் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் செய்தார்.

இந்த ஜூனிலும் தோள் தொடங்கியது. கோடாலித் தைலம் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனேன். திண்ணையில் இருந்தார். பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். நாரி கொஞ்சம் முணுமுணுத்தது, விட்டுவிட்டேன்.

“எங்க நோகுது பெரியம்மா?”

இடது கையால் தொட்டுக் காட்டினார்.